டிட்கா பெண் பார்த்த கதை

அமெரிக்காவில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் இண்டியானாபோலிஸ் நகரத்தில் ஒரு சடங்கு நடக்கிறது. கல்லூரியில் ஃபுட்பால் ஆடி முடித்த பையன்கள் முந்நூறு பேருக்கு மேல் வந்து சேர்வார்கள். அவர்களை அரை டிராயரோடு மேடையேற்றி நிறுத்துவார்கள். கீழே நோட்டும் பேனாவுமாக நடுவயது மாமாக்கள் ஒரு கூட்டம் உட்கார்ந்து உயரம், எடை, கைநீளம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். உள்ளங்கையைக்கூட விடுவதில்லை. கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை எத்தனை அங்குலம் என்பது கணக்கு. பிறகு 40 கெஜம் ஓடு, நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதி, 102 கிலோ இரும்பைப் படுத்தபடி எத்தனை தடவை தூக்குகிறாய் பார்ப்போம் என்று வரிசையாக வேலை வாங்குவார்கள். நான் சொல்லப்போகும் கதை நடந்த காலத்தில் வொண்டர்லிக் என்றொரு பரீட்சையும் உண்டு; 12 நிமிடத்தில் 50 கேள்வி. நம்மூரில் பெண் பார்க்க வருகிற கூட்டம் பாடத் தெரியுமா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, சொஜ்ஜி பஜ்ஜியைக் காலி செய்து கிளம்பிவிடும். இண்டியானாபோலிஸில் சொஜ்ஜியும் கிடையாது, கூச்சமும் கிடையாது.

இவ்வளவு அளந்து எடுக்கும் ஆட்களில் ரன்னிங் பேக் என்று ஒரு ஜாதி உண்டு. பந்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரே நிற்கும் பதினோரு தடியன்களுக்கு நடுவில் புகுந்து ஓடுவது அவர் வேலை. ஒரு தடவைக்கு நான்கு கெஜம் முன்னேறினால் சபாஷ். யாரும் மறிக்காமல், யாரும் துரத்தாமல், நேர்கோட்டில் 40 கெஜம் ஓடும் பாக்கியம் அவருக்கு ஒரு சீசனில் ஓரிரு முறை வாய்த்தால் அதிகம். ஆனால் அந்த 40 கெஜத்தை 4.4 விநாடியில் ஓடினால் கோடீஸ்வரன், 4.7 என்றால் ஓரமாய் நில். ஏன் 40? பால் பிரவுன் என்ற பழைய பயிற்சியாளர், உதைத்த பந்து சுமார் அவ்வளவு தூரத்தில் விழும், அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க ஆரம்பித்தாராம். பந்தை உதைக்கிறவனோ உதைத்த பந்தின் பின்னால் ஓடுகிறவனோ அல்லாத ரன்னிங் பேக்கும் அந்தக் கடிகாரத்தில் மாட்டிக்கொண்டார்.

அளந்து முடித்ததும் ஏப்ரலில் டிராஃப்ட்; தொழில்முறை லீக் அணிகள் இந்தப் பையன்களைப் பங்குபோட்டுக்கொள்ளும் நாள். ஐபிஎல் ஏலம் மாதிரி இங்கே காசை வீசிக் கூவ முடியாது. போன வருஷம் கடைசியில் வந்த அணி முதலில் ஆளைப் பொறுக்கும், அப்புறம் அதற்கு மேலே இருந்தது, அப்புறம் அதற்கும் மேலே. 1999இல் ஏழு சுற்று. இந்தப் பொறுக்கும் உரிமையை, சுருக்கமாகச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம், விற்கலாம், மாற்றலாம், அடுத்த வருஷத்துச் சீட்டையும் சேர்த்து அடகு வைக்கலாம். புத்திசாலிகள் கெட்டுப்போவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இந்த வைபவம் தொடங்கியது 1936 பிப்ரவரியில், பிலடெல்பியாவின் ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில். டிவி இல்லை, அலங்காரம் இல்லை. கரும்பலகையில் 90 பெயர்கள். முதல் ஆளாகப் பிலடெல்பியா ஈகிள்ஸ் எடுத்தது ஜே பெர்வாங்கரை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஓட்டக்காரர். கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய பரிசான, பின்னாளில் ஹெய்ஸ்மன் என்று பெயர் பெற்ற கோப்பையை முதன்முதலில் வாங்கிய ஆள். (அந்தக் கோப்பையை அவருடைய அத்தை வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். இந்த விளையாட்டைப் பற்றிய நிதானமான மதிப்பீடு என்று நான் ஒப்புக்கொள்வது அந்த அத்தையுடையதைத்தான்.) பெர்வாங்கர் கேட்கும் தொகை கட்டுப்படியாகாது என்று ஈகிள்ஸ் அவரைச் சிகாகோ பேர்ஸ் அணிக்குத் தள்ளிவிட்டது. பேர்ஸ் முதலாளி ஜார்ஜ் ஹாலஸிடம் இரண்டு வருஷத்துக்கு 25,000 டாலர் கேட்டார் பெர்வாங்கர். ஹாலஸ் பெரிய கும்பிடாகப் போட்டார். பெர்வாங்கர் ரப்பர் கம்பெனி வேலைக்குப் போனார். ஆக, டிராஃப்டில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மனிதர் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை. சகுனம் பார்க்கிறவர்களாக இருந்திருந்தால் அன்றைக்கே கடையை மூடியிருப்பார்கள்.

மூடவில்லை. 1990இல் நியூயார்க் ஜெட்ஸ் இரண்டாவது ஆளாகப் பிளேர் தாமஸ் என்ற ரன்னிங் பேக்கை எடுத்தது. ஃப்ளோரிடாவிலிருந்து வந்த எம்மிட் ஸ்மித்தைப் பார்த்து, உயரம் பத்தாது, வேகம் பத்தாது என்று உதட்டைப் பிதுக்கினார்கள். 16 பேர் போன பிறகுதான் டல்லஸ் அவரைக் கூப்பிட்டது. தாமஸ் தொழில்முறை ஆட்டத்தில் மொத்தமாக ஓடியது 2,236 கெஜம். ஸ்மித் ஓடியது 18,355. லீக் சாதனையாக நிற்கிறது. 1995இல் முதல் சீட்டில் போன கி-ஜானா கார்ட்டர், சீசன் தொடங்குவதற்கு முந்தைய ஒத்திகை ஆட்டத்தில், மூன்றாவது தடவை பந்தை வாங்கி ஓடும்போதே முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். அதே டிராஃப்டில் 195 பேருக்குப் பின்னால் டென்வர் எடுத்த டெரல் டேவிஸ், 1998இல் ஒரே சீசனில் 2,008 கெஜம் ஓடினார். மாமாக்கள் நோட்டுப் புத்தகத்தை மட்டும் மாற்றினார்கள்.

இந்தப் பின்னணியில்தான் ரிக்கி வில்லியம்ஸ் வருகிறார். சான் டியேகோவில் பிறந்து, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். தோளில் புரளும் ஜடாமுடி, தேக்கு மரம் மாதிரி தொடை, வாயைத் திறந்தால் காதை அருகில் கொண்டுபோக வேண்டிய குரல். 1997இலேயே நாட்டில் அதிக கெஜம் ஓடியவர் அவர்தான். ஆனாலும் தொழில்முறைக்குப் போகாமல் இன்னொரு வருஷம் கல்லூரியிலேயே தங்கினார். அந்த 1998 சீசனில் 2,124 கெஜம். டோனி டார்செட் என்பவர் இருபது வருஷத்துக்கு மேலாக வைத்திருந்த கல்லூரிச் சாதனையை, பரம எதிரி டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்கு எதிராக, 60 கெஜம் ஓடிப் போய் எல்லைக்கோட்டுக்குள் வைத்து உடைத்தார். மொத்தம் 6,279. ஹெய்ஸ்மன் கோப்பையும் கிடைத்தது. அத்தை எவரும் கதவுக்கு வைத்ததாகத் தகவல் இல்லை.

மாமாக்களுக்கும் இவரிடம் பெரிய குறை தெரியவில்லை. எடை சற்று அதிகம், கல்லூரியில் ஆயிரம் தடவைக்கு மேல் பந்தைச் சுமந்து இடிபட்டிருக்கிறார், கோடையில் பேஸ்பாலும் ஆடுகிறார், அதிகம் பேசமாட்டேன் என்கிறார். இந்தக் கடைசிக் குறிப்பை எல்லாரும் நோட்டில் எழுதினார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

இப்போது மாப்பிள்ளை வீட்டார். மைக் டிட்கா, அறுபதை நெருங்கும் வயது, மீசை, சுருட்டு, எந்த நேரமும் வெடிக்கத் தயாரான முகம். 1961 டிராஃப்டில் அவரே ஐந்தாவது ஆளாகப் போனவர். எடுத்தது பெர்வாங்கருக்குக் கும்பிடு போட்ட அதே ஹாலஸ். அந்தக் கிழவர் ஐந்து சென்ட் காசை வீசுவதென்றால் சாக்கடை மூடியைத் தூக்கி எறிகிற மாதிரி எறிவார் என்று டிட்கா கிண்டலடித்தது பிரசித்தம். பின்னாளில் அதே ஹாலஸ் கூப்பிட்டு பேர்ஸ் பயிற்சியாளர் ஆனார். 1986 ஜனவரியில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை 46-10 என்று வென்றார். அது நடந்த இடம் நியூ ஆர்லியன்ஸ். அன்று அவரிடம் இருந்த ரன்னிங் பேக் வால்டர் பேட்டன். அந்தக் காலத்தின் மகா ஓட்டக்காரர், அணிக்காக பத்து வருஷத்துக்கு மேல் உடம்பைக் கொடுத்தவர். எல்லைக்கோட்டருகே ஒரே கெஜம் பாக்கி இருந்தபோது பந்தைப் பேட்டனிடம் கொடுக்காமல், குளிர்சாதனப் பெட்டி என்று செல்லப்பெயர் வாங்கிய 300 பவுண்டுக்கு மேற்பட்ட வில்லியம் பெர்ரியிடம் கொடுத்தார் டிட்கா. பேட்டனுக்கு அந்த ஆட்டத்தில், பந்தை எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோகும் டச்டவுன் ஒன்றுகூட இல்லை. ரன்னிங் பேக்கின் மதிப்பு தெரிந்த மனிதர் என்று பிற்பாடு பேர் வாங்கியவர் செய்த காரியம் அது.

1997இல் டிட்கா நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்கு வந்தார். 6 வெற்றி, 10 தோல்வி. அடுத்த வருஷமும் அச்சுப் பிசகாமல் 6 வெற்றி, 10 தோல்வி. அணியில் பந்து எறியும் க்வாட்டர்பேக் சரியில்லை. முன்னால் நின்று வழிவிடச் செய்யும் தடுப்பாட்டக்காரர்களும் சுமார். ஓட்டை இத்தனை இருக்கும்போது டிட்கா கண்டுபிடித்த மருந்து, ஒரே ஆள். டிராஃப்டுக்குப் பல நாள் முன்பே பகிரங்கமாக அறிவித்தார்: ரிக்கிக்காக என்னிடம் உள்ள மொத்தச் சீட்டையும் தரத் தயார். பெண் வீட்டுத் திண்ணையிலேயே நின்று, நிலபுலன் பூராவும் எழுதித் தருகிறேன் என்று ஊர் கேட்கக் கத்துகிற மாப்பிள்ளையிடம் எந்த மாமனார் பேரம் பேசுவார்?

செயின்ட்ஸிடம் இருந்தது 12ஆவது சீட்டு. அதுவரை ரிக்கி மிஞ்சமாட்டார். மேலே இருந்த ஒவ்வொரு வீட்டுக் கதவையும் டிட்கா தட்டினார். மூன்றாவது இடத்திலிருந்த சின்சினாட்டிக்கு ஒன்பது சீட்டு தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்பது! சின்சினாட்டி வேண்டாம் என்றுவிட்டு, ஆக்கிலி ஸ்மித் என்ற க்வாட்டர்பேக்கை எடுத்தது. அவர் அங்கே தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது 17 ஆட்டம், ஜெயித்தது 3. டிட்காவைப் பைத்தியம் என்று சொல்கிறவர்கள், பைத்தியம் கொட்டிக் கொடுத்ததை வாங்க மறுத்த சின்சினாட்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

1999 ஏப்ரல் 17, நியூயார்க். முதல் சீட்டு, புதிதாக உயிர்த்தெழுந்த கிளீவ்லேண்ட் அணிக்கு. டிம் கௌச் என்ற க்வாட்டர்பேக். இரண்டாவது பிலடெல்பியா. அந்த ஊர் ரேடியோக்காரர் ஒருவர் ரசிகர்களை பஸ் ஏற்றிக் கூட்டிவந்திருந்தார், ரிக்கி வேண்டும் என்று கோஷம் போட. நகர மேயர் எட் ரெண்டல் வரைக்கும் ரிக்கி கட்சி. ஈகிள்ஸ் எடுத்ததோ டானவன் மக்னாப் என்ற க்வாட்டர்பேக்கை. வாழ்க்கையின் மிகப் பெரிய நாளில் அம்மா அப்பா முன்னிலையில் மேடையேறிய அந்தப் பையனைச் சொந்த அணி ரசிகர்களே ஊளையிட்டு வரவேற்றார்கள். மக்னாப் பிற்பாடு அந்த அணியை ஐந்து முறை அரையிறுதிக்கும், ஒரு முறை சூப்பர் பௌலுக்கும் கொண்டுபோனார். ஊளையிட்டவர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை.

நான்காவது இண்டியானாபோலிஸ். இரண்டு நாளைக்கு முன்புதான் மார்ஷல் ஃபாக் என்ற அற்புதமான ரன்னிங் பேக்கை சில்லறைச் சீட்டுகளுக்கு விற்றிருந்தார்கள். அதனால் ரிக்கிதான் என்று ஊரே நம்பியிருந்தது. நிர்வாகி பில் போலியன் எழுந்து எட்ஜெரின் ஜேம்ஸ் என்றார். இண்டியானாபோலிஸ் ரசிகர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். ஜேம்ஸ் முதல் இரண்டு சீசனிலும் லீகிலேயே அதிக கெஜம் ஓடினார். இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். அன்று மேடையருகே நடந்த மதிப்பீடுகளில் தேறியவற்றுள் ஒன்று போலியனுடையது. அவரைத்தான் திட்டினார்கள்.

ஐந்தாவது வாஷிங்டன். டிட்கா பாய்ந்தார். அந்த வருஷத்து முதல் சுற்றுச் சீட்டு, மூன்றாம் சுற்று, நான்காம், ஐந்தாம், ஆறாம், ஏழாம் சுற்று எல்லாம். இரண்டாம் சுற்று எங்கே என்று கேட்காதீர்கள், அது ஏற்கெனவே வேறொரு வியாபாரத்தில் போய்விட்டது. இருந்திருந்தால் அதையும் கொடுத்திருப்பார். போதாதற்கு 2000ஆம் வருஷத்து முதல் சுற்றும் மூன்றாம் சுற்றும். மொத்தம் எட்டு. கைமாறாகக் கிடைத்தவர் ஒருவர். ஒரு முழு டிராஃப்டில் ஒரே ஒரு ஆளை மட்டும் எடுத்த முதல் அணி என்ற பெருமை செயின்ட்ஸைச் சேர்ந்தது. வாஷிங்டன் தனக்குக் கிடைத்த 12ஆவது சீட்டோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஏழாவது இடத்துக்கு நகர்ந்து சேம்ப் பெய்லியை எடுத்தது. அவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

டிட்காவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தலையில் ஜடாமுடி விக்கும், உடம்பில் பூப்போட்ட ஹவாய் சட்டையுமாகப் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து நின்றார். ஆகஸ்டில் ஈஎஸ்பிஎன் பத்திரிகை அட்டையில் இருவரையும் கல்யாண ஜோடியாகவே நிறுத்தியது. கோட்டு சூட்டில் டிட்கா. வெள்ளைக் கவுனில், கையில் பூச்செண்டோடு, ரிக்கி. மனிதர்களோடு கண்ணைப் பார்த்துப் பேசவே கூசும் பையனை அமெரிக்கா முழுக்கப் பெட்டிக்கடையில் மணப்பெண்ணாகத் தொங்கவிட்டார்கள். இந்தக் கதையில் எனக்குச் சிரிப்பு வராத இடம் இது ஒன்றுதான்.

சீதனம் பேசியவர் யார் என்பது இன்னும் ரசமானது. நியூ ஆர்லியன்ஸ் ராப் பாடகர் மாஸ்டர் பி நடத்திய கம்பெனிதான் ரிக்கிக்கு ஏஜெண்ட். ஒப்பந்தம் 6.8 கோடி டாலர் வரை போகும் என்று தலைப்புச் செய்தி வந்தது. உள்ளே பிரித்துப் பார்த்தால், கையில் உறுதியாக வருவது சுமார் 88 லட்சம் டாலர் முன்பணமும் வருஷா வருஷம் லீகின் அடிமட்டச் சம்பளமும். மிச்சம் எல்லாம் சாதனை மேல் சாதனை செய்தால்தான். மற்ற ஏஜெண்டுகள் அதை வாசித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எட்டுச் சீட்டு கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கடைசியில் லாபத்தில் கிடைத்தது இந்த ஒப்பந்தம் மட்டும்தான்.

சீசன் தொடங்கியது. ரிக்கிக்கு முன்னால் வழிவிடச் செய்ய வேண்டியவர்கள் அதே பழைய ஆட்கள். புதியவர்களை எடுக்கச் சீட்டு ஏது? பெரும்பாலும் பந்து எறிந்தவர்கள் இருவர்: ஒருவர் பில்லி ஜோ டாலிவர், இன்னொருவர் பில்லி ஜோ ஹோபர்ட். ஒரு பில்லி ஜோ சரிவரவில்லை என்றால் மாற்றாக இன்னொரு பில்லி ஜோ இறங்குவார். இவர்கள் பந்தை எறிவார்கள் என்று எதிரணி எவனும் பயப்படவில்லை; பதினோரு பேரும் ரிக்கி மேலேயே விழுந்தார்கள். காயங்களுக்கு நடுவே 12 ஆட்டம், 884 கெஜம், இரண்டு டச்டவுன், ஒரு ஓட்டத்துக்கு மூன்றரை கெஜம். ரிக்கி நிருபர்களுக்குத் தலைக்கவசத்தைக் கழற்றாமல், கறுப்புக் கண்ணாடி மூடியோடு பேட்டி கொடுத்தார். திமிர் என்று எழுதினார்கள். சமூகப் பதற்ற நோய் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தது பிறகு. உள்ளங்கையை அங்குலக் கணக்கில் அளந்தவர்கள் அத்தனை பேரும் தவறவிட்டது அது.

அக்டோபர் 31. கிளீவ்லேண்ட் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தது. செயின்ட்ஸ் முன்னிலையில் இருக்க, கடைசி நொடியில் டிம் கௌச், கண்ணை மூடிக்கொண்டு என்றே சொல்லலாம், ஐம்பது கெஜத்துக்கு மேல் ஒரு பந்தைத் தூக்கி எறிந்தார். நாலு கை பட்டு அது கிளீவ்லேண்ட் ஆள் கையில் போய் உட்கார்ந்தது. 21-16. டிட்கா மைதானத்திலேயே சரிந்தார். சீசன் முடிவில் 3 வெற்றி, 13 தோல்வி. ஜனவரியில் டிட்காவையும் நிர்வாகி பில் குஹாரிச்சையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அணி அவ்வளவு மட்டமாக ஆடிய புண்ணியத்தில், ஏற்கெனவே வாஷிங்டனுக்கு எழுதிக் கொடுத்த 2000ஆம் வருஷத்துச் சீட்டு இரண்டாவது சீட்டாக விளைந்திருந்தது. அதில் லவார் ஆரிங்டன் போனார். இரண்டு கட்சிகளில் ஒன்று தோற்கத் தோற்க மற்றது கொழுத்த ஒப்பந்தம்!

ரிக்கி மோசமான சரக்கா என்றால், அதுதான் இல்லை. மறு வருஷம் புதுப் பயிற்சியாளர் ஜிம் ஹேஸ்லட்டின் கீழ் பத்தே ஆட்டத்தில் 1,000 கெஜம் ஓடிவிட்டுக் கணுக்கால் உடைந்து உட்கார்ந்தார். 2001இல் 1,245. பின்பு மயாமிக்குப் போய் 2002இல் 1,853 கெஜம் ஓடி லீகிலேயே முதலாவதாக வந்தார். அதே கால், அதே தொடை, அதே மௌனம். முன்னால் நின்று மோதியவர்களும் பந்து எறிந்தவரும்தான் வேறு. ரன்னிங் பேக்கை மட்டும் தனியே நிறுத்தி ஓடவிட்டுக் கடிகாரம் பார்ப்பதில் உள்ள அபத்தம் இதுதான். அவர் ஓட்டத்தில் பாதி, முன்னால் போகிற ஐந்து பேரின் முதுகில் இருக்கிறது. எம்மிட் ஸ்மித்துக்கு டல்லஸில் அந்த முதுகுகள் கிடைத்தன, டெரல் டேவிஸுக்கு டென்வரில் கிடைத்தன. டிட்கா அந்த முதுகுகளை வாங்க வைத்திருந்த காசைக் கொடுத்து ஓடுகிறவரை வாங்கினார்.

2004இல், சீசன் தொடங்கும் தறுவாயில், கஞ்சா சோதனைகளில் சிக்கிய ரிக்கி, போதும் என்று விலகிவிட்டார். ஆஸ்திரேலியாவில் கூடாரம் அடித்துத் தங்கினார். பிறகு கலிபோர்னியாவின் கிராஸ் வேலியில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். 40 கெஜக் கடிகாரக்காரர்களிடம் மாட்டித் தப்பிய ஒருவர் வாத பித்த கபம் படிக்க உட்கார்ந்தது எனக்கு முழு நியாயமாகப் படுகிறது. நடுவர் மன்றம் மட்டும் விடவில்லை. மயாமிக்கு 86 லட்சம் டாலர் திருப்பித் தர வேண்டும் என்றது. மறுபடி வந்தார், தடை வாங்கினார், கனடாவில் ஆடினார், திரும்பி வந்து 2009இல் ஆயிரம் கெஜம் தாண்டினார். 2011 சீசனோடு ஓய்வு பெற்றபோது மொத்தம் 10,009 கெஜம். பத்தாயிரத்தைத் தொட்டவர்கள் பட்டியல் சின்னது. மாமாக்கள் சொன்ன அளவுகள் சரி, அந்தப் பையன் ஓடுவான். அவனை ஓடவிடுவதற்கு வேண்டியதை விற்றது பயிற்சியாளர்.

மயாமியிடம் செயின்ட்ஸ் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தது. ரிக்கியை 2002இல் விற்கும்போது, ஒரு முதல் சுற்றுச் சீட்டோடு, அவர் 1,500 கெஜம் தாண்டினால் அடுத்த வருஷம் தர வேண்டிய மூன்றாம் சுற்றுச் சீட்டை முதல் சுற்றாக உயர்த்தித் தர வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். ரிக்கி ஓடி ஓடி அதை வாங்கிக் கொடுத்தார். ஆக 2003இல் செயின்ட்ஸ் கையில் 17, 18 என்று அடுத்தடுத்து இரண்டு முதல் சுற்றுச் சீட்டுகள். எதற்கு இரண்டு என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டையும் அரிசோனாவிடம் கொடுத்து ஆறாவது இடத்துக்கு ஏறி, ஜானத்தன் சல்லிவன் என்ற ஒரே ஆளை எடுத்தார்கள். எதிரணி க்வாட்டர்பேக்கை மடக்கி வீழ்த்துவதற்கு சாக் என்று பெயர்; அவர் மூன்று சீசன் ஆடி, ஒன்றரை சாக் எடுத்தார். டிட்கா நியூ ஆர்லியன்ஸைவிட்டுப் போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.